முன்பு உண்ட மருந்து: ஒரு கேள்வியின் தமிழக வரலாறு

மருத்துவ ஆய்வில் பங்கேற்பவர் இதற்கு முன் என்னென்ன மருந்து உட்கொண்டார், எவ்வளவு காலம் உட்கொண்டார், எதனால் நிறுத்தினார் என்பதைக் கேட்டுப் பதிவு செய்வதை ‘முன்மருந்து விசாரணை’ எனலாம். வயது, எடை, இரத்த அழுத்தம் போன்றவற்றை ஆய்வாளர் தாமே அளந்துகொள்ள முடியும். முன்பு உண்ட மருந்தோ உண்டவரின் நினைவிலும், அவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சீட்டிலும், சில வேளைகளில் அவர் சொல்ல விரும்பாத மௌனத்திலும் மட்டுமே இருக்கிறது. இக்கேள்வி தமிழகத்தில் ஓர் அறிவியல் கருவியாகத் தீட்டப்பட்ட வரலாறு, மலேரியாக் காய்ச்சலிலிருந்து காசநோய்க்கும், மலையடிவாரத்திலிருந்து சென்னைக்கும் சென்று, மீண்டும் மலையடிவாரத்துக்கே திரும்பி வருகிறது. கேட்கப்படுபவருக்குத் தம் பதிலால் என்ன கிடைக்கும், என்ன பறிபோகும் என்பதை அறியாமல் அந்தப் பதிலை எடைபோட முடியாது என்பதே இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியவருகிறது.

போடிநாயக்கனூர் வட்டத்துச் சிலமலை முதலான சிற்றூர்கள், மேற்கே ஏலமலைச் சரிவு எழும்பும் இடத்தில், மழை மறைவுப் பகுதியின் வறண்ட நிலத்துக்கும் மலையின் ஈரக் காட்டுக்கும் இடையில் அமைந்தவை. மலைக்குச் சென்று ஏலக்காய்த் தோட்டங்களில் களையெடுத்தும் காய் பறித்தும் திரும்புவோருக்கு நடுக்கத்தோடு விட்டுவிட்டு வரும் ‘மலைக்காய்ச்சல்’ தலைமுறைகளாகத் தெரிந்த ஒன்று. அக்காய்ச்சலில் பெரும்பகுதி மலேரியாவே. 1887-க்கும் 1895-க்கும் இடையில் பெரியாறு அணை கட்டப்பட்டபோது தொழிலாளர் முகாம்களைக் கடுமையாகத் தாக்கியதும் அதுதான். அக்காலத்தில் இதற்கிருந்த ஒரே நம்பகமான மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொய்னா. 1860-களிலேயே நீலகிரியில் அரசு சிங்கோனாத் தோட்டங்கள் தோன்றின. நடுவட்டத்தில் கொய்னாத் தொழிற்சாலை எழுந்தது. 1892-இல் வங்காளத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, காலணா விலையில் சிறு பொட்டலங்களாக அஞ்சலகங்கள் வழியே கொய்னா விற்கும் முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது. மருத்துவர் எழுதித் தராமல், மருந்தாளர் அளந்து தராமல், அஞ்சலகச் சன்னலில் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் மருந்து அது. யார் எவ்வளவு உண்டார் என்பதற்கு உண்டவரின் சொல்லைத் தவிர வேறு பதிவு இராத நிலை அப்போதே தொடங்கிவிட்டது. உடம்புக்குச் சூடு, காதுக்குள் இரைச்சல், வாய்க்குப் பொறுக்காத கசப்பு என்று கொய்னாவைப் பாதியில் விட்டவர்கள் பலர். விட்டதை எங்கும் எழுதிவைத்தவர் எவருமில்லை.

இக்கேள்வியை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முறையாகக் கொண்டுவந்தது மலேரியா ஒழிப்புத் திட்டம். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமாகத் தொடங்கி 1958-இல் ஒழிப்புத் திட்டமாக மாறிய இம்முயற்சியில், டி.டி.டி. தெளிப்பு முடிந்த பகுதிகளில் கண்காணிப்புப் பணியாளர் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார். வீட்டில் யாருக்கேனும் இப்போது காய்ச்சல் உள்ளதா, போன முறை வந்து சென்றபின் காய்ச்சல் கண்டதா, வெளியூரிலிருந்து விருந்தாளி எவரும் வந்திருக்கிறாரா என்று அவர் கேட்டார். காய்ச்சல் என்றால் விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்து, குளோரோகுயின் மாத்திரையை அங்கேயே விழுங்கச் செய்து, சுவரில் இட்ட கட்டத்துக்குள் வந்த தேதியைக் குறித்துவிட்டுப் போனார். அவர் வருவதற்கு முன்பே கடையில் வாங்கிய மாத்திரையை ஒருவர் விழுங்கியிருந்தால் இரத்தத்தில் கிருமி குறைந்து, சோதனையில் நோய் இல்லை என்று வந்துவிடக்கூடும். முன்பு உண்ட மருந்தைக் கேளாத சோதனை, உண்மையான நோயாளியையும் நலமானவராகக் காட்டிவிடும் என்பது இதனால் களப்பணியாளருக்கே தெரிந்த பாடமாயிற்று. 1960-களின் நடுவில் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சமாக இறங்கிய மலேரியா, 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டி மீண்டெழுந்ததற்குக் கொசுவின் எதிர்ப்பாற்றல், பணத்தட்டுப்பாடு, வீடு தோறும் நடந்த கண்காணிப்பில் விழுந்த தொய்வு எனப் பல காரணங்கள் உண்டு.

ஆயினும், முன்மருந்து விசாரணையைத் தனி ஒழுங்காக வளர்த்தது காசநோய் ஆய்வே; அது நடந்த இடம் சென்னை. 1944-இல் அறிவிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின், அதை அடுத்து வந்த பாஸ் எனப்படும் பாரா-அமினோ சாலிசிலிக் அமிலம், 1952-இல் வந்த ஐசோனியசிட் ஆகிய மூன்றும் காசநோயை முதன்முறையாகக் குணமாகும் நோயாக மாற்றின. ஆனால் இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே கொடுத்தாலோ, சில வாரம் கொடுத்து நிறுத்தினாலோ, உடலிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகளுள் அம்மருந்துக்கு மசியாத சில கிருமிகள் தப்பிப் பெருகி, பிறகு அம்மருந்தே பயனற்றுப் போகும், இதுவே மருந்தெதிர்ப்பு. எனவே ஒரு புதிய சிகிச்சை முறை நல்லதா என்று சோதிக்க வேண்டுமாயின், முன்பு காசநோய் மருந்தே உண்ணாதவர்களைச் சேர்த்தாக வேண்டும்; முன்பே உண்டவர்களைத் தெரியாமல் சேர்த்துவிட்டால், தோல்வி சிகிச்சை முறையால் வந்ததா பழைய மருந்தால் வந்ததா என்று பிரித்தறிய வழி இராது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது, ஆனால் துணிவானது: நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துப் படுக்கையும் நல்லுணவும் தந்து மருத்துவம் செய்வதற்கும், நெருக்கடியான குடிசையில் அவர் வாழ்ந்தபடியே மருந்து மட்டும் தருவதற்கும் பலனில் வேறுபாடு உண்டா? நகரத்து ஏழைகளான 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஓராண்டு ஐசோனியசிட்டும் பாஸும் பெற்றனர். 1959-இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்று காட்டியது. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும், வீட்டுச் சிகிச்சையால் தொற்று கூடுதலாகப் பரவியதாகத் தெரியவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வளவு பெரிய முடிவுக்குக் கீழே, சேர்க்கையின்போது கேட்கப்பட்ட ஒரு சிறு கேள்வி இருந்தது: இதற்கு முன் இந்நோய்க்கு மருந்து உண்டீர்களா? கேட்பவருக்கு அது ஆய்வின் தூய்மையைக் காக்கும் கேள்வி. கேட்கப்படுபவருக்கோ அது ஒரு வாயிற்கதவு. ‘ஆம், ஒரு மாதம் ஊசி போட்டுக்கொண்டேன்’ என்று உண்மையைச் சொல்பவர் ஆய்வுக்குப் பொருந்தாதவராகி, தேடிவந்த சிகிச்சையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சக்கூடும்; ‘இல்லை’ என்பவருக்கோ இலவச மருந்தும் தொடர்ந்த கவனிப்பும் கிடைக்கும். இதைப் பொய் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நியாயமாகாது. அன்றைய நோயாளிக்கு மருந்து என்பது வறுமையில் பெரும் செலவு; மூலையில் இருந்த தனியார் மருத்துவர் போட்ட ஊசி எந்த நோய்க்கு என்று அவருக்குச் சொல்லப்படவில்லை; ‘சளிக்கு ஊசி’ என்றே அவர் நினைத்திருந்தார். காசநோய் என்ற சொல்லையே குடும்பத்தின் முன் உச்சரிக்க அஞ்சிய காலத்தில், ‘காசநோய் மருந்து உண்டீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது அவரைப் பொறுத்தவரை உண்மையாகவே இருந்திருக்கலாம்.

சென்னை மையத்தின் தனிச்சிறப்பு, மருந்து பற்றிய சொல்லை ஏற்பதோடு நில்லாமல் அதைப் பொருள்களோடு வைத்துப் பார்த்ததில் இருக்கிறது. வீட்டில் மருத்துவம் பெற்றவர்களிடம் சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று, மீதமுள்ள மருந்தை எண்ணினர்; அங்கேயே சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு எடுத்துச் சென்றனர். பாஸ் உண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில துளி விட்டால், மஞ்சள் நீர் கண்முன்னே செம்மை கலந்த ஊதாவாக மாறும். மருந்து உண்ணாதவரிடம் அந்நிற மாற்றம் நிகழாது. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டவருக்கும் ஏறத்தாழ அதே நிறம் வரும் என்பதால், நிறத்தைப் பார்த்தபின்னும் ‘வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்று கேட்டாக வேண்டியிருந்தது. வேதியியல் சோதனை கேள்வியை நீக்கிவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஐசோனியசிட்டைக் கண்டறியவும் மைய ஆய்வகம் தனிச் சோதனை முறைகளை உருவாக்கியது. ஒழுங்காக மருந்து வாங்கிச் செல்பவரும், எண்ணிக்கை சரியாக இருப்பவரும்கூட விழுங்காமல் விட்டிருக்கலாம் என்பதை இச்சோதனைகள் காட்டின. நோயாளி தானே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கல் பற்றி ஃபாக்ஸ் 1958-இல் எழுதிய கட்டுரை இந்த அனுபவத்தின் விளைவே. 1964-இல் அதே மையம், வாரம் இருமுறை மட்டும், பணியாளர் கண்முன்னே மருந்து தரும் முறை நாள்தோறும் தானே உண்ணும் முறைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. பின்னாளில் உலகெங்கும் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர் இங்கே இருக்கிறது.

அறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரை எண்ணுவதில் ஐயம் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோயாளியின் சொல்லைச் சரிபார்ப்பது அவரை இழிவுபடுத்துவதாக மாறாமல் காப்பது பார்வையாளரின் நடத்தையிலேயே இருந்தது: வாசலில் நின்று அதட்டிக் கேட்டவருக்கு ‘எல்லாம் சாப்பிட்டாச்சு’ என்ற ஒற்றை வரி கிடைக்கும், ‘அம்மா’, ‘அண்ணே’ என்று விளித்து உட்கார்ந்து, வயிறு புரட்டுகிறதா, பட்டினியில் விழுங்க முடிகிறதா என்று முதலில் விசாரித்தவருக்கு ‘நாலு நாளா விட்டுட்டேன்’ என்ற உண்மை கிடைக்கும். கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய பாஸ், குமட்டலுக்குப் பேர்போன மருந்து. அதை விட்டவர்களைக் குற்றவாளிகளாக நோக்கிய எந்த விசாரணையும் அதன் காரணத்தை அறியத் தவறியிருக்கும்.

இக்கேள்வியின் அறிவியல் எடை முழுமையாக வெளிப்பட்டது 1960-களின் நடுவில். நாட்டின் பல நகரங்களிலுள்ள மார்பு நோய் மருத்துவமனைகளுக்கு முதன்முறையாக வரும் காசநோயாளிகளிடம் மருந்தெதிர்ப்பு எந்த அளவில் உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூட்டாய்வு ஒன்றை நடத்தியது. 1968-இலும் 1969-இலும் வெளியான அதன் இரு பகுதிகளையும் பிரித்ததே முன்மருந்து விசாரணைதான்: முதற்பகுதி முன்பு மருந்து உண்டதாகக் கூறாதவர்களைப் பற்றியது; இரண்டாம் பகுதி, உண்டவர் உண்ணாதவர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தது. ‘உண்ணவில்லை’ என்றவர்களிடமும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோரின் கிருமி ஐசோனியசிட்டுக்கு மசியவில்லை என்பது அதன் கவலைதரும் கண்டுபிடிப்பு. எதிர்ப்புக் கிருமி பிறரிடமிருந்து தொற்றியதா, அல்லது அவர்களே மறந்தோ மறைத்தோ விட்ட பழைய மருந்தால் விளைந்ததா? முன்னது என்றால் நோய் பரவும் வழியை அடைக்க வேண்டும். பின்னது என்றால் மருத்துவர்களின் எழுத்தையும் கடைகளின் விற்பனையையும் திருத்த வேண்டும். கேள்வி சரியாகக் கேட்கப்படாவிட்டால் நாட்டின் கொள்கையே தவறான இடத்தில் கைவைக்கும் நிலை அது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஐரோப்பாவில் வேறொரு நோய் அதே உண்மையைக் கொடூரமாகக் கற்பித்தது. 1961-இல் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், கைகால் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் கருவுற்ற காலத்தில் உண்ட மருந்துகளைப் படிவம் மூலம் கேட்டபோது, ஐந்தில் ஒரு பங்கினரே ‘கான்டர்கன்’ என்ற தாலிடோமைடு மாத்திரையைக் குறிப்பிட்டனர். பெயரைச் சொல்லி நேரடியாக மீண்டும் கேட்டபோது அது பாதியளவுக்கு உயர்ந்தது. தூக்கத்துக்காக உண்ட சாதாரண மாத்திரை சொல்லத்தக்க மருந்தே அன்று என்று அத்தாய்மார்கள் எண்ணியிருந்தனர். எனினும் பெயரைச் சொல்லிக் கேட்பதில் மறுபக்க ஆபத்தும் உண்டு: நோயுற்ற குழந்தையின் தாய் நினைவைத் துழாவித் துழாவிச் சொல்வார், நலமான குழந்தையின் தாய் யோசியாமல் ‘இல்லை’ என்பார்; நினைவின் இந்தச் சாய்வு இல்லாத தொடர்பையும் இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவேதான் இரு தரப்பினரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில், யார் எத்தரப்பு என்று கேட்பவருக்கே தெரியாதபடி கேட்கும் ஒழுங்கு பின்னர் வேரூன்றியது.

தமிழகக் காசநோய்ப் பணியில் இக்கேள்வி ஆய்வு மேசையிலிருந்து இறங்கி அன்றாடச் சிகிச்சையையே தீர்மானிக்கத் தொடங்கியது 1997-இல் திருத்திய தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோது. முன்பு ஒரு மாதத்துக்குக் குறைவாக மருந்து உண்டவர் புதிய நோயாளி. ஒரு மாதமோ அதற்கு மேலோ உண்டவர் மறுசிகிச்சை நோயாளி. முன்னவருக்கு ஆறு மாத மாத்திரை. பின்னவருக்கு எட்டு மாதச் சிகிச்சை, அதன் தொடக்கத்தில் வாரம் மூன்று முறையாக 24 ஸ்டிரெப்டோமைசின் ஊசிகள். ‘எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்’ என்ற கேள்விக்கு வரும் பதில் 24 ஊசிகளையும் இரண்டு கூடுதல் மாதங்களையும் குறிக்கிறது என்பதை அறிந்த நோயாளி, மாதத்தை வாரமாகச் சுருக்கிச் சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. பழகிய பணியாளர்கள் இதனால் நாளைக் கேட்பதை விட்டு அடையாளங்களைக் கேட்டனர்: மாத்திரை போட்ட காலத்தில் சிறுநீர் சிவப்பாய்ப் போனதா? ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். மருந்தின் பெயர் மறந்தவருக்கும் அந்த நிறம் மறப்பதில்லை. அந்நிறம் தோன்றியது தீபாவளிக்கு முன்பா பின்பா, தோட்டத்தில் காயெடுப்பு நடந்தபோதா என்று தொடர்ந்து கேட்டால் காலமும் புலப்படும்.

ஏலமலைச் சரிவின் ஊர்களில் இக்கேள்வியைக் கேட்பதற்குத் தனிச் சிரமங்கள் உள்ளன. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் இறங்குபவர்கள் பலர். பகலில் வரும் கணக்கெடுப்பாளருக்கு வீட்டில் முதியவர்களும் சிறுவர்களுமே கிடைப்பார்கள், அவர்கள் பிறருடைய மருந்தைப் பற்றிச் சொல்வது கேள்விப்பட்டதே. காய்ச்சல் மலையில் வந்தால் சீட்டு கேரளத்து மருத்துவமனையுடையது. ஊரில் வந்தால் போடியின் மருந்துக்கடையோ ஆரம்ப சுகாதார நிலையமோ தேனிப் பக்கம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ. ஒரே உடம்பின் மருந்து வரலாறு இரு மாநிலங்களில், இரு மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. வீட்டில் எஞ்சியிருக்கும் சான்று பெரும்பாலும் ஒரு பழுப்புக் காகித உறை. அதன் மேல் காலை, இரவு என்பதற்குப் பேனாவால் இட்ட கோடுகள், உள்ளே பத்து மாத்திரை அட்டையிலிருந்து வேண்டிய அளவுக்குக் கத்தரித்துத் தந்த நான்கு மாத்திரைகள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரில் பாதியே இருக்கும்; காலாவதித் தேதி வேறொருவர் வாங்கிச் சென்ற துண்டில் போயிருக்கும். எனவே தேர்ந்த விசாரணையாளர் ‘என்ன மருந்து’ என்பதோடு நில்லாமல், உறையையும் அட்டையையும் எடுத்துவரச் சொல்லி நிறத்தையும் வடிவத்தையும் எழுதிக்கொள்கிறார். கசாயம், கைமருந்து, கடைக்காரர் தந்த ‘உடம்பு வலி மாத்திரை’, ஊசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார், ஏனெனில் ஊசியை மருந்தென்று எண்ணாதவரும், நாட்டு மருந்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்குபவரும் உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை தரப்படுவதால், நீண்டகால நோய்களைப் பொறுத்தவரை எழுத்துப் பதிவு முன்னினும் தெளிவாகியிருக்கிறது. கடையில் வாங்கும் மருந்துக்கு அத்தகைய பதிவு இன்னும் இல்லை.

காசநோயில் இக்கேள்வியின் பழைய அதிகாரத்தைக் கருவி குறைத்துவிட்டது. சளியிலேயே கிருமியின் மரபணுவைக் கண்டு, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதை இரண்டு மணி நேரத்தில் கூறும் சோதனை பரவலானபின், ‘புதியவர்’, ‘மறுசிகிச்சை’ என்று சொல்லை நம்பிச் சிகிச்சையைப் பிரிப்பது கைவிடப்பட்டது. 24 ஊசிகளும் போயின. ஆயினும் 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்தெதிர்ப்புக் கணக்கெடுப்பு, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாத கிருமி புதியவர்களிடம் நூற்றுக்குச் சுமார் 3, முன்பு மருந்து உண்டவர்களிடம் சுமார் 12 என்று காட்டியது. இந்த வேறுபாட்டைக் காண முன்மருந்து விசாரணை இன்றி வழியில்லை.

2021 முதல் கேள்வி புதிய வடிவம் எடுத்திருக்கிறது. காசநோயாளியின் வீட்டில் வாழும் நலமானவர்களுக்கும், நோய் வராமல் தடுக்க ஆறு மாதம் நாள்தோறும் ஐசோனியசிட் அல்லது வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரம் இரு மருந்துகள் என்று தருவது விரிவாக்கப்பட்டுள்ளது. சில ஆண்டுகள் கழித்து இவர்களுள் ஒருவர் இருமலோடு வந்தால், ‘முன்பு காசநோய் மாத்திரை உண்டீர்களா’ என்ற கேள்விக்கு நோயே வராதவர் ‘ஆம்’ என்பார். நோய்க்கு உண்டதா, தடுப்புக்கு உண்டதா, முழுதாக முடித்ததா, பாதியில் விட்டதா என்று கேட்கும் தனி வரிகள் படிவத்தில் அவருக்காகச் சேர்க்கப்பட வேண்டும். தடுப்பு மாத்திரையைத் தரும் பணியாளர், எதற்காகத் தருகிறோம் என்பதை இன்றே தெளிவாகச் சொல்லிச் செல்வதைப் பொறுத்தே அன்று அவர் தரும் பதில் அமையும்.